சீம்பாலும் தடுப்பூசியும்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடந்த பயிற்சி முகாம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், வரிவசூல் ஆகியவற்றைப் பற்றிக் காலை முதல் பேசி முடித்துவிட்டோம். பிற்பகலில் வேறொரு விஷயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். நம் ஒவ்வொருவருடைய உடலுக்குள்ளும் நோயை எதிர்க்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதே அந்த விஷயம். நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு இப்பணிக்கு வந்தவன். ஆயினும் இதனை நாம் அறிந்திராததால் நேர்ந்த ஓர் இழப்பை நேரிலே கண்டவன். அதனைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

நமக்கு நன்கு பழக்கமான மாட்டுத் தொழுவத்திலிருந்தே தொடங்குவோம்.

பசு கன்று ஈன்றவுடன் சுரப்பது சீம்பால். மஞ்சள் நிறமாய், கெட்டியாய் இருக்கும். நஞ்சுக்கொடி விழுமட்டும் கன்றை மடியில் விடலாகாது என்று எண்ணுவோர் நம்மில் இன்றும் இருக்கிறார்கள். நஞ்சுக்கொடி விழச் சில சமயம் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம்கூட ஆகிவிடுகிறது. இதனால் விளையும் நஷ்டம் பெரிது. கன்று பிறக்கும்போது நோயை எதிர்க்கும் பொருள் அதன் இரத்தத்தில் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். மனிதக் குழந்தைக்கு அப்பொருள் கருவிலிருக்கும்போதே தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கிடைத்துவிடுகிறது. பசுவின் நஞ்சுக்கொடியோ அதனை உள்ளே விடுவதில்லை. ஆகவே இயற்கை அதனைச் சீம்பாலிலே சேர்த்து வைத்திருக்கிறது. அதனை அப்படியே இரத்தத்தில் ஏற்றுக்கொள்ளும் திறன் கன்றின் குடலுக்குப் பிறந்த முதற் சில மணி நேரம்தான் நிறைவாக உண்டு. ஏறக்குறைய 24 மணி நேரத்தில் அந்தக் கதவு அடைபட்டுவிடும். பிறகு எவ்வளவு ஊட்டினாலும் பால் வயிற்றுக்குப் போகும். பாதுகாப்பு இரத்தத்துக்குப் போகாது. கன்று எழுந்து நின்றதும் முதல் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டவேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

எதிர்ப்பொருள் என்று வழங்கும் அந்தப் பொருள் தாய்க்கு எங்கிருந்து வந்தது? அதுதான் இன்றைய பேச்சின் சாரம்.

உடலின் காவல்

நம் உடலுக்கு முதல் வேலி தோல். அடுத்தது மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளி. உண்ணும் உணவோடு உள்ளே செல்லும் கிருமிகளிற் பலவற்றை இரைப்பையின் அமிலம் கொன்றுவிடுகிறது. இவ்வேலியைத் தாண்டிக் கிருமி உள்ளே புகுந்தால் என்ன நடக்கும்?

வயலில் காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இரண்டொரு நாளில் சீழ் கட்டுகிறது. இதை நாம் நோய் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது நோயை எதிர்த்து உடல் நடத்தும் போர். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் என்னும் உயிரணுக்கள் இருக்கின்றன. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் அவை சுமார் 4,000 முதல் 11,000 வரை உண்டு. முள் தைத்த இடத்துக்கு இவை விரைந்து சென்று கிருமிகளை விழுங்குகின்றன. அப்போரில் மடிந்த வெள்ளை அணுக்களும் கிருமிகளும் சேர்ந்ததே சீழ்.

இதைக் கண்டறிய உதவியதும் ஒரு முள்தான். ரஷ்ய நாட்டு விஞ்ஞானி மெச்னிகாவ் என்பவர் 1882-ஆம் ஆண்டில் இத்தாலியின் மெசினா நகரிலே தங்கி ஆராய்ந்துவந்தார். கண்ணாடிபோல் உட்புறம் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் சிறு முள்ளைச் செருகி வைத்து, மறுநாள் காலை நுண்ணோக்கியால் நோக்கினார். முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் கூட்டமாய்ச் சூழ்ந்திருந்தன. இத்துறையில் செய்த ஆராய்ச்சிக்காக அவருக்கும் ஜெர்மானிய அறிஞர் எர்லிக்குக்கும் 1908-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? கையில் புண் வந்தால் அக்குளில் கட்டும். அங்கெல்லாம் எதிர்ப்புப் படையின் பாசறைகள் இருக்கின்றன. புண்ணிலிருந்து வந்த செய்தியைக் கேட்டு அங்கே படை பெருகுவதால் அவ்விடம் வீங்குகிறது. இனி, அந்தப் பாசறையில் நடப்பதைப் பார்ப்போம்.

விதைநெல் போன்ற நினைவு

முதலில் ஓடிவரும் வெள்ளை அணுக்கள் எந்தக் கிருமியையும் ஒரேவிதமாகவே தாக்கும். பாசறையில் இருக்கும் இன்னொரு வகை அணுக்களோ அப்படியல்ல. அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கிருமியின் அடையாளத்தை மட்டுமே அறியும். பூட்டுக்கேற்ற சாவிபோல் என்று வைத்துக்கொள்ளலாம். புதிய கிருமி வந்ததும் அதற்குப் பொருந்தும் மிகச் சில அணுக்கள் மட்டும் விழித்தெழுகின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஒருபிடி விதை ஒரு வயலாவது போலப் பெருகுகின்றன. அவற்றிற் சில எதிர்ப்பொருளைச் சுரந்து இரத்தத்தில் கலக்கின்றன. எதிர்ப்பொருள் கிருமியின்மேல் ஒட்டிக்கொண்டு அதனைச் செயலிழக்கச் செய்கிறது.

இந்த விளைச்சலுக்கு முதல் முறை ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகிறது. கிருமி அதற்குள் முந்திக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. உடல் முந்திக்கொண்டால் நோய் தீர்கிறது. நோய் தீர்ந்தபின் பெருகிய அணுக்களிற் பெரும்பாலானவை மடிந்துபோகின்றன. ஆனால் ஒரு பகுதி மிஞ்சுகிறது. அறுவடையான நெல் முழுவதையும் நாம் உண்டுவிடுவதில்லை. விதைநெல்லைக் குதிரில் தனியே எடுத்து வைக்கிறோம். உடலும் அவ்வாறே செய்கிறது. அதே கிருமி மறுபடி வந்தால் இந்த விதைநெல் சில நாட்களிலேயே முளைத்துப் பெரும்படையாகிவிடும். அம்மை ஒருமுறை கண்டவர்க்கு மறுமுறை அநேகமாய் வாராமலிருப்பது இதனால்தான்.

இந்த நினைவு எவ்வளவு காலம் நிற்கும்? வட அட்லாண்டிக் கடலில் ஃபாரோ என்னும் சிறு தீவுகள் இருக்கின்றன. 1846-ஆம் ஆண்டில் அங்கே தட்டம்மை புகுந்தது. சுமார் 7,800 மக்களில் 6,000 பேருக்குமேல் நோயுற்றார்கள். டென்மார்க்கு அரசு அனுப்பிய பேனும் என்ற இளம் மருத்துவர் ஒரு புதுமையைக் கண்டார். அதற்கு முன் அத்தீவுகளில் தட்டம்மை கண்டது 1781-இல். அப்போது நோயுற்றுப் பிழைத்து, முதுமையடைந்திருந்த கிழவர் கிழவியருள் ஒருவருக்குக்கூட இம்முறை நோய் காணவில்லை. 65 ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்கள் உடல் அந்த நோயை மறக்கவில்லை!

நோயின்றிக் கற்பிக்கும் வழி

நோய் வந்து பிழைத்தால்தான் இந்தப் பாடம் கிடைக்கும் என்றால் அது மிகவும் விலையுயர்ந்த பாடம். நோயின்றியே பாடத்தைக் கற்பிக்க முடியுமா? முடியும் என்று காட்டியது பசு. இங்கிலாந்திலே பசுவின் மடியில் வரும் இலேசான அம்மை ஒட்டிய பால்காரப் பெண்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்று கிராம மக்கள் பேசிக்கொள்வதுண்டு. ஜென்னர் என்ற மருத்துவர் 1796-இல் அவ்வம்மைக் கொப்புளத்தின் நீரை ஒரு சிறுவனுக்குக் குத்தி, அக்கூற்று உண்மை என்று காட்டினார். தடுப்பு மருந்தைக் குறிக்கும் ‘வாக்சின்’ என்ற சொல்லே, பசு என்று பொருள்படும் ‘வாக்கா’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. நம் முன்னோர் அம்மை குத்திக்கொண்டதும் இம்முறையிலேயே. அப்பணி நாடுதோறும் விடாமல் நடந்ததன் பயனாக, பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980-இல் அறிவிக்கப்பட்டது. மாடுகளைக் கூட்டம் கூட்டமாக மாய்த்த வெக்கை நோயும் அவ்வாறே ஒழிந்தது. அதனை ஒழிக்கும் இயக்கம் நம் நாட்டில் 1954-இல் தொடங்கியது. உலகம் முழுதும் அந்நோய் அற்றுவிட்டதென 2011-இல் அறிவித்தார்கள். இளைய விவசாயிகள் பலர் அதன் பெயரைக்கூட அறியார்கள். அது நம் வெற்றியே.

தடுப்பூசியில் இருப்பது செத்த கிருமி, அல்லது வலுவிழந்த கிருமி, அல்லது கிருமியின் ஒரு சிறு துண்டு. அதனைக் கண்டு உடல் நான் முன்னே சொன்ன விளைச்சலை நடத்துகிறது. ஊசி போட்ட இரவில் குழந்தைக்கு இலேசாகக் காய்ச்சல் கண்டால் தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். பாசறையில் வேலை தொடங்கிவிட்டது என்பதற்குப் பெரும்பாலும் அதுவே அறிகுறி. காய்ச்சல் மிகுந்தாலோ, நீடித்தாலோ மருத்துவரிடம் காட்டவேண்டும். அதற்காக அடுத்த தவணையை நாமாக நிறுத்திவிடக் கூடாது.

ஒரே ஊசியோடு ஏன் முடிவதில்லை என்று கேட்கிறீர்கள். முதல் தவணையில் கிடைக்கும் விதை கொஞ்சம். அதனை மறுபடி விதைத்தால்தான் குதிர் நிறையும். அதற்கு இடைவெளியும் வேண்டும். ஆகவேதான் குழந்தைக்கு 6, 10, 14-ஆம் வாரங்களில் தவணை வைத்திருக்கிறார்கள். தட்டம்மை ஊசியை மட்டும் ஏன் 9 மாதம் முடிந்தபின் போடுகிறார்கள்? தாய் கருவில் கொடுத்த எதிர்ப்பொருள் அதுவரை ஓரளவு குழந்தையின் இரத்தத்தில் இருக்கும். அது ஊசியிலுள்ள வலுவிழந்த கிருமியையும் கொன்றுவிடுமாதலால், பாடம் பதியாது. தாயின் பொருள் தேய்ந்த பிறகே கற்பிக்க வேண்டும். கோமாரி நோய்க்கு மட்டும் மாடுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏன் என்றால், அந்த ஊசி தரும் பாதுகாப்பு நீண்டகாலம் நிற்பதில்லை. ஒவ்வொரு தவணைக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு.

சொந்தப் படையும் கடன் படையும்

இப்போது சீம்பாலுக்குத் திரும்புவோம். கன்றுக்குச் சீம்பாலில் வந்தது தாய் சம்பாதித்த பொருள். கன்று தானே விளைத்ததல்ல. அது உடனே வேலை செய்யும், ஆனால் செலவழிந்துவிடும், விதைநெல் மிஞ்சாது. இதனைக் கடன் படை என்று சொல்லலாம். தடுப்பூசி உண்டாக்குவது சொந்தப் படை. அது திரளச் சில நாட்கள் ஆகும். திரண்டபின் நிலைத்து நிற்கும்.

இவ்விரண்டையும் அறிந்தால் தனுர்வாத ஊசியின் பயன் விளங்கும். அக்கிருமியின் வித்துக்கள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன. நாம் மண்ணோடு வாழ்கிறவர்கள். ஆகையால் அதனைத் தவிர்க்க இயலாது. ஒருமுறை அந்நோய் வந்து பிழைத்தவர்க்குக்கூட எதிர்ப்பு ஆற்றல் உண்டாவதில்லை. ஏனெனில் அதன் நஞ்சு மிகக் கொடியது. ஆளைக் கொல்லும் அளவுகூட உடலுக்குப் பாடம் கற்பிக்கப் போதாது. ஊசி ஒன்றே வழி. கர்ப்பிணிப் பெண்ணுக்கு அதனைப் போட்டால் தாய் விளைத்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் சேர்கிறது. தொப்புள்கொடி அறுத்த இடத்தில் நோய் புகுந்து பச்சிளங்குழந்தைகள் இறந்த காலம் ஒன்று இருந்தது. ஊசியும் மருத்துவமனைப் பிரசவமும் பரவியதால், அது நம் நாட்டில் பொதுநலப் பிரச்சினையாக இருந்த நிலை நீங்கியது என்று 2015-இல் அறிவிக்கப்பட்டது.

ஓர் இழப்பு

முதலில் குறிப்பிட்ட நிகழ்ச்சியை இனிச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டாரத்தில் நான் பணியாற்றியபோது, ஊருணி ஆழப்படுத்தும் வேலையைப் பார்வையிடச் சென்றிருந்தேன். வேலை செய்தவர்களில் ஒருவர் கணுக்காலில் துணி சுற்றியிருந்தார். நடுத்தர வயது, இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பனார். என்னவென்று கேட்டேன். “நாய் கடித்துவிட்டது ஐயா, இரண்டு ஊசி போட்டாயிற்று, புண்ணும் ஆறிவிட்டது” என்றார். நல்லது என்று சொல்லிவிட்டு நான் அளவுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினேன். மிச்ச ஊசிகள் எப்போது என்று நான் கேட்கவில்லை. நடவு வேலை மும்முரமான சமயம். கூலியை விட்டுவிட்டு அவர் போகவில்லை. இரண்டு மாதத்துக்குள் அவர் நீரைக் கண்டு நடுங்கி, மருத்துவமனையில் இறந்தார் என்ற செய்தி வந்தது.

வெறிநாய்க்கடி நோய் தோன்றிவிட்டால் அநேகமாய் எவரும் பிழைப்பதில்லை. ஆயினும் அது தடுக்கக்கூடிய நோய். கடித்த இடத்திலிருந்து கிருமி நரம்பின் வழியே மூளையை நோக்கி மெதுவாக ஊர்ந்து செல்லுகிறது. பெரும்பாலும் ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். அதற்குள் சொந்தப் படையைத் திரட்டிவிட முடியும். இதற்காகவே முதல் ஊசி போட்ட நாளையடுத்து 3, 7, 28-ஆம் நாட்களில் தோலுக்குள் ஊசி போடுகிறார்கள். தசையில் போடும் முறையில் 14-ஆம் நாளும் உண்டு. ஆழமாகக் கடித்திருந்தால் படை திரளும்வரை காவலிருக்க, கடன் படையாக எதிர்ப்பொருளையே கடிவாயில் செலுத்துகிறார்கள். பாதியில் நிறுத்தினால் விளைச்சல் பாதியில் நின்றுவிடும். புண் ஆறுவது தோலின் வேலை. படை திரளுவது வேறு வேலை. முன்னது கண்ணுக்குத் தெரியும், பின்னது தெரியாது. அந்த வேறுபாட்டை அன்று நான் எடுத்துச் சொல்லியிருந்தால் அந்தக் குழந்தைகளுக்குத் தகப்பனார் இருந்திருப்பார் என்ற எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை. இன்று உங்கள்முன் இதைப் பேசுவதற்குக் காரணமும் அதுவே.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்ற பயம் சில பெரியவர்களுக்கு இன்னும் இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் கைவிடப்பட்டு நெடுங்காலமாகிறது. இப்போது போடுவது கையில்தான்.

ஊருக்கும் ஒரு வேலி

தனுர்வாதம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. ஆகவே அவரவர் ஊசி அவரவரைக் காக்கும். தட்டம்மை அப்படியல்ல. பாதுகாப்பில்லாத மக்களிடையே ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு அதனைப் பரப்பக்கூடும். ஆனால் சுற்றியுள்ளவர் யாவரும் பாதுகாப்புப் பெற்றிருந்தால் கிருமி அடுத்த ஆளைக் காணாமல் அங்கேயே மடியும். 100 பேரில் 95 பேருக்கு அப்பாதுகாப்பு இருந்தால், 9 மாதம் நிரம்பாத கைக்குழந்தையும், ஊசி போட இயலாத நோயாளியும்கூடத் தப்பிப்பார்கள். ஏரிக்கரை யாருடைய தனி வயலுக்கும் கட்டியதன்று. உடைப்பெடுத்தால் ஆயக்கட்டு முழுவதும் பாழ். இந்த வேலியும் அத்தகையதே. எனவே இது வீட்டு விஷயம் மட்டுமல்ல, ஊராட்சியின் விஷயமுமாகும்.

ஊராட்சி என்ன செய்யலாம்? பெரும் பணம் தேவைப்படாத சில காரியங்களைக் கூறுகிறேன்.

முதலாவது, கிராம சுகாதாரச் செவிலியரிடம் தவணை தவறிய குழந்தைகளின் பட்டியலை மாதந்தோறும் கேட்டு வாங்குங்கள். அந்தந்த வார்டு உறுப்பினர் அவ்வீடுகளுக்குச் சென்று பேசவேண்டும். தவணை தவறியவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று அஞ்சியே பலர் வாராமலிருக்கிறார்கள்.

இரண்டாவது, செங்கற் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு வருகிறவர்கள், போகிறவர்கள் விஷயத்தில் கவனம் வேண்டும். அவர்கள் குழந்தைகளின் பெயர் இரண்டு ஊர்ப் பட்டியலிலும் இல்லாமற்போவது உண்டு. வேலியில் ஓட்டை விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

மூன்றாவது, நாய்க்கடி. கடித்ததும் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவவேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கலாகாது. குட்டி நாயானாலும், நகம் பட்டதேயானாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கடிபட்டவர் பெயரை ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொரு தவணையன்றும் “போய்விட்டு வந்தீர்களா?” என்று கேளுங்கள். கூலி வேலையில் இருப்பவரானால் அன்று அரைநாள் விட்டுக்கொடுக்கும்படி வேலை தருகிறவரிடம் பேசுங்கள். ஊரிலுள்ள நாய்களில் 100-க்கு 70-க்கு ஊசி போட்டுவிட்டால் அவற்றிடையே நோய் பரவுவது நின்றுவிடும் என்கிறார்கள் அறிஞர்கள். கால்நடைத் துறையோடு கலந்து அதற்கும் நாள் குறிக்கலாம்.

நான்காவது, கன்றுக்குச் சீம்பால் போலவே குழந்தைக்குத் தாயின் முதற்பால். அதனைப் பீய்ச்சிவிட்டுச் சேனை வைக்கும் வழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால் பெரியவர்களே எடுத்துச் சொல்லி நிறுத்தவேண்டும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன். நோய் எதிர்ப்பு ஆற்றலை ஒரே வாரத்தில் பெருக்கிவிடுவதாகக் கூறிப் பொடியும் சூரணமும் விற்பவர்கள் இக்காலத்தில் மிகுந்துவிட்டார்கள். நல்ல உணவு, சுத்தமான நீர், போதிய உறக்கம் ஆகியவை எதிர்ப்புப் படையை வலுவாக வைத்திருக்கும். ஆனால் குறிப்பிட்ட ஒரு கிருமியின் அடையாளத்தை எந்தப் பொடியும் உடலுக்குக் கற்பித்துவிடாது. அதற்குரிய பாடம் வேறு.

அன்பர்களே! விதைநெல்லைக் காப்பது எவ்வாறு என்று உழவர்களாகிய உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதே கவனத்தைத் தவணைச் சீட்டின்மேலும் வைக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள். இன்று வீட்டுக்குச் சென்றதும் குழந்தைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். கட்டம் ஏதேனும் வெறுமையாக இருந்தால், வரும் புதன்கிழமையே அதனை நிரப்பிவிடுங்கள். உங்கள் தெருவில் காலில் துணி சுற்றிய ஒருவரைக் கண்டால், என்னைப்போல் நல்லது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அடுத்த ஊசி எந்தத் தேதியில் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.